ஒரே விலையில் 8 ஜிபியும் பெரிய கூலருமா, 16 ஜிபியும் சின்ன கூலருமா?

கிராபிக்ஸ் கார்டு பற்றிய கேள்வி இதுதான். மதுரையில் மாடி அறை, தலைக்கு மேல் மொட்டை மாடி, ஏசி இல்லை. கம்ப்யூட்டரில் ரைசன் 5 3600 புராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). மானிட்டர் மட்டும் புதிது, 1440பி (2560-க்கு 1440 பிக்சல்). முக்கியமாக கேம், அவ்வப்போது பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், கொஞ்சம் வீடியோ எடிட்டிங். கடையில் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு காட்டியிருக்கிறார்கள். ஒன்று என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 8 ஜிபி மெமரி: மூன்று ஃபேன், கார்டின் சூட்டை எடுக்கக் கனமான கூலர், ஆர்ஜிபி லைட், கம்பெனியே கொஞ்சம் வேகம் கூட்டி விற்கும் மாடல். இன்னொன்று அதே 5060 டிஐ, 16 ஜிபி, இரண்டு ஃபேன், எளிமையான மாடல். நம் ஊர் வெயிலுக்குப் பெரிய கூலர்தான் பாதுகாப்பு என்று கடைக்காரர் சொல்கிறார். எதை எடுப்பது? நடுவில் 12 ஜிபி ஏன் இல்லை? பழைய ஆர்டிஎக்ஸ் 3070 ஒன்றும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது, அதைப் பார்க்கலாமா?

16 ஜிபியை எடுங்கள். கடைக்காரர் சொல்வதில் பாதி சரி, உங்கள் அறைக்கு கூலிங் முக்கியம்தான். ஆனால் கூலிங்கை வாங்கிய பிறகும் சரிசெய்துகொள்ள முடியும். கேபினட்டில் ஃபேன் கூட்டலாம், கார்டு இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கலாம், சில வருடம் கழித்து தெர்மல் பேஸ்ட் மாற்றலாம், ஃபேன் பழுதானால் வேறு போடலாம். மெமரிக்கு அந்த வழியே கிடையாது. அது கார்டின் போர்டில் பற்றவைத்த சிப். இன்று 8 ஜிபி வாங்கினால் அந்தக் கார்டு தூக்கிப் போடும் நாள் வரை 8 ஜிபிதான். அதனால் பின்னால் மாற்ற முடியாத பொருளுக்கு முதலில் பணத்தைப் போடுங்கள்.

முதலில் மெமரியைப் பார்ப்போம். கார்டின் மெமரியில் என்ன உட்காருகிறது? மானிட்டரின் அளவு பெரிதானால் மெமரி அதிகம் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் சின்ன உண்மை. 1440பி திரையில் சுமார் 37 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தாலும் ஒரு முழுத் திரைப் படம் 15 எம்பிக்குள் அடங்கிவிடும். உண்மையில் இடத்தைத் தின்பது டெக்ஸ்சர், அதாவது சுவர், தரை, துணி, முகம் என்று பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சரைப் பிக்சலுக்கு 1 பைட்டாகச் சுருக்கி வைத்தால்கூட 16 எம்பி. தூரத்தில் இருந்து பார்ப்பதற்கான சின்னப் பிரதிகளையும் சேர்த்தால் 21 எம்பியைத் தொடும். ஒரு சுவருக்கே நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று பல அடுக்குகள் வேண்டும். ஒரு தெருவையே கற்பனை செய்து பாருங்கள், ஜிபி கணக்கு எங்கிருந்து வருகிறது என்று புரியும். இதற்கு மேல் ரே டிரேசிங் போட்டால், ஒளிக்கதிர் எதில் படுகிறது என்று தேடுவதற்கான அமைப்பு ஒன்று மெமரியில் தனியாக உட்காரும். நிஜ ஃபிரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) நடுவே புதிதாக உருவாக்கிய ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனும் தன் பங்குக்கு இடம் கேட்கும். 8 ஜிபி கார்டில் இந்த வசதியை இயக்கினால் சில கேம்களில் லாபத்துக்குப் பதில் நஷ்டமே வருவது இதனால்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டெக்ஸ்சர் தரத்தை உயர்த்தினால் கார்டின் கணக்குப் போடும் பகுதிக்குப் பெரிய சுமை ஏறாது. நிழல், பிரதிபலிப்பு, ரே டிரேசிங் எல்லாம் ஃபிரேமைக் குறைக்கும். டெக்ஸ்சர் மட்டும் இடம் இருந்தால் போதும் என்று சொல்லும். திரையில் கண்ணுக்கு முதலில் தெரிவதும் அதுதான். ஆகவே நடுத்தர வேகமுள்ள கார்டில் மெமரி தாராளமாக இருந்தால், மற்ற செட்டிங்குகளைக் குறைத்துக்கொண்டு டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்துப் பல வருடம் ஓட்டலாம். மெமரி இல்லாவிட்டால் கார்டுக்கு வேகம் இருந்தும் மங்கலான சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

8 ஜிபி திடீரென்று பற்றாமல் போனதற்கும் காரணம் உண்டு. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1070 கார்டு 2016-லேயே 8 ஜிபியோடு வந்தது. அப்போது பெரிய கேம்களை எல்லாம் பிளேஸ்டேஷன் 4-ஐ மனதில் வைத்துச் செய்தார்கள். அந்தக் கன்சோலில் மொத்த மெமரியே 8 ஜிபி, அதையும் புராசஸரும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 16 ஜிபி. கேம் செய்பவர்கள் சில வருடம் பழைய கன்சோலுக்கும் சேர்த்துச் செய்தார்கள், அதனால் கம்ப்யூட்டர் பக்கம் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2023-ஐ ஒட்டிப் பழைய கன்சோலைக் கைவிடத் தொடங்கியபோதுதான் 8 ஜிபி கார்டுகள் மூச்சு வாங்கின. இருந்தும் 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-இலும் 8 ஜிபியேதான். ஒன்பது வருடமாக அதே எண்.

சரி, மெமரி நிரம்பினால் என்ன ஆகும்? கேம் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் நிற்காது. அதனால்தான் பலரால் நோயைக் கண்டுபிடிக்க முடிவதில்லை. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் கொஞ்சம் சரக்கைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமுக்குத் தள்ளிவிடும், வேண்டும்போது மதர்போர்டையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக இழுத்துக்கொள்ளும். அந்த வழி எவ்வளவு குறுகல் என்று பாருங்கள். 5060 டிஐ தன் சொந்த மெமரியோடு நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் பேசும். ஆனால் இந்தக் கார்டு நீளமான ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் அந்த வழியின் 16 லேனையும் (தடத்தையும்) பயன்படுத்தாது, 8 மட்டுமே. பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 உள்ள புது மதர்போர்டில் அந்த 8 லேன் நொடிக்கு ஏறக்குறைய 32 ஜிபி தரும். உங்கள் பி450 போர்டில் இருப்பது 3.0. அதில் கிடைப்பது 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 448 எங்கே, 8 எங்கே! புது போர்டு வைத்திருப்பவருக்கு 8 ஜிபி கார்டு லேசாகத் தடுமாறும் இடத்தில் உங்களுக்கு அப்படியே உறைந்து நிற்கும். உங்கள் விஷயத்தில் நான் 16 ஜிபி என்று அடித்துச் சொல்வதற்குப் பெரிய காரணம் இந்தப் பழைய மதர்போர்டுதான். மெமரி போதுமான கார்டு அந்தக் குறுகல் வழியை அதிகம் நம்பி இருக்காது.

வெளியே தெரியும் அறிகுறிகள் வேறு மாதிரி இருக்கும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகத்தான் காட்டும். ஆனால் திரும்பும்போது ஒரு வெட்டு, புது இடத்துக்குள் நுழையும்போது ஒரு இழுவை. சில கேம்கள் இன்னொரு வேலை செய்யும்: வேகத்தைக் காப்பாற்ற டெக்ஸ்சரைச் சொல்லாமல் தரம் குறைத்துவிடும். அப்போது ஃபிரேம் வரைபடத்தில் குறையே தெரியாது, திரையில்தான் முகமும் பலகையும் குழைந்து கிடக்கும். அதனால் விமர்சன வீடியோக்களில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். மிக மோசமான 1 சதவீத ஃபிரேம்களின் எண்ணையும் பாருங்கள். அவர்கள் சோதித்தது எத்தனை ஜிபி மாடல் என்பதையும் கவனியுங்கள். 16 ஜிபி மாடலுக்கு வந்த பாராட்டைப் படித்துவிட்டு 8 ஜிபியை வாங்கிப் போகிறவர்கள் நிறைய.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட், ஷேர்டு என்று இரண்டு கணக்கு காட்டும். ஷேர்டு என்பது உங்கள் ரேமில் பாதி, உங்களுக்கு 8 ஜிபி. கார்டில் 8, ஷேர்டில் 8, ஆகவே 16 ஜிபி ஆச்சே என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது 8 ஜிபிதான் மேலே சொன்ன குறுகல் வழிக்கு அப்பால் இருக்கும் சரக்கு. அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

பிளெண்டருக்கு வந்தால் விஷயம் இன்னும் கறாரானது. அதன் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும்) முறையில் முழுக் காட்சியும் கார்டின் மெமரியில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் வேகம் படுத்துவிடும், இல்லையேல் மெமரி போதவில்லை என்று ரெண்டர் நின்றுவிடும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே வீடியோவோடு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு நன்றாகவே பழக்கம். வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கும் ஆசை பின்னால் வந்தாலும் இதே கதைதான். 1400 கோடி அளவுருக்கள் உள்ள மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால்கூட 8 ஜிபிக்குள் நிம்மதியாக அடங்காது.

நேர்மையாக மறுபக்கமும் சொல்ல வேண்டும். 16 ஜிபி மாடல் கணக்குப் போடுவதில் 8 ஜிபி மாடலை விட வேகமானது இல்லை. சிப் ஒன்றுதான், மெமரி வேகமும் ஒன்றுதான். 8 ஜிபிக்குள் அடங்கும் கேமில் இரண்டும் ஒரே ஃபிரேம் தரும். வலோரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மாதிரி கேம்களை 1080பியில் மட்டும் ஆடுபவருக்கு 8 ஜிபி போதும், அதில் தவறே இல்லை. ஆனால் அவர் 5060 டிஐ 8 ஜிபிக்கு மூன்று ஃபேன் மாடல் தேடி அலைய வேண்டாம். சாதாரண 5060 அல்லது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபி வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் போடலாம். அதே மாதிரி, மெமரி எண் மட்டும் பெரிதாக இருந்தால் நல்ல கார்டு என்றும் ஆகிவிடாது. ஜிடி 730 என்ற மிகப் பலவீனமான பழைய கார்டு 4 ஜிபி டிடிஆர்3 மெமரியோடு வருடக்கணக்கில் விற்றது. அந்த 4 ஜிபியை நிரப்பி ஓட்டும் பலம் அந்தச் சிப்புக்குக் கிடையாது.

8 இல்லாவிட்டால் 16 என்கிறார்களே, நடுவில் 12 ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். இதன் பதில் கூலிங் விஷயத்துக்கும் கொண்டுபோய் விடும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு மெமரி சிப்பும் கிராபிக்ஸ் சிப்போடு 32 பிட் அகலத்தில் பேசும். 5060 டிஐயின் மொத்த அகலம் 128 பிட், ஆக நான்கு சிப்புக்கு இடம். ஒரு சிப் 2 ஜிபி. நான்கு சிப், 8 ஜிபி. 192 பிட் கார்டுகளுக்கு ஆறு சிப், அதனால் ஆர்டிஎக்ஸ் 3060, 4070, 5070, இன்டெலின் ஆர்க் பி580 எல்லாம் 12 ஜிபி. 256 பிட் என்றால் எட்டு சிப், 16 ஜிபி: 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எல்லாம் அந்த வகை. 128 பிட்டில் 16 ஜிபி வேண்டும் என்றால் ஒரே பாதையில் இரண்டு சிப்பை மாட்டி, ஒவ்வொன்றையும் 16 பிட்டில் பேச வைப்பார்கள். இடம் இரட்டிப்பாகும், வேகம் அப்படியே இருக்கும். ஜிடிடிஆர்7 என்ற புது மெமரி வகையில் 3 ஜிபி சிப்புகளும் வந்துவிட்டன, 5090 லேப்டாப் கார்டில் அவைதான் இருக்கின்றன. ஆனால் உங்கள் கையில் இருக்கும் இரண்டு மாடலும் 2 ஜிபி சிப் வைத்தவை.

அந்தக் கூடுதல் நான்கு சிப் எங்கே போகும்? போர்டின் பின்பக்கம், முன்பக்கச் சிப்புகளுக்கு நேர் பின்னால். அங்கே ஹீட் சிங்கும் இல்லை, ஃபேனும் இல்லை. பின்பக்க மூடித் தகடு ஒன்றுதான். 16 ஜிபி மாடல் வாங்கும்போது நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டிய கூலிங் விஷயம் இதுதான். ஃபேன் இரண்டா மூன்றா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 இதற்குச் சரியான பாடம். அதன் 24 ஜிபியை 1 ஜிபி சிப்புகளாகவே அமைத்தார்கள். பன்னிரண்டு முன்னால், பன்னிரண்டு பின்னால். கிராபிக்ஸ் சிப் குளிர்ச்சியாக 65 டிகிரி காட்டும், பின்பக்க மெமரியோ கிரிப்டோ மைனிங் ஓட்டும்போது 100 டிகிரியைத் தாண்டி, 110-ல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்கள் பின் தகட்டின் மேல் தனியாக ஃபேன் கட்டி வைத்தார்கள். 2022-ல் 3090 டிஐ வந்தபோது 2 ஜிபி சிப்புகளுக்கு மாறி எல்லாவற்றையும் முன்பக்கமே கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் 5060 டிஐ அந்த அளவுக்குக் கொதிக்காது. 3090 இழுப்பது 350 வாட், இது 180 வாட். பின்னால் நான்கே சிப். ஆனாலும் 36 டிகிரி அறையில் அது பிளாஸ்டிக் மூடிக்குள் வேகக் கூடாது. ஆகவே பின் தகடு உலோகமா என்று பாருங்கள். உலோகமாக இருந்தால் மட்டும் போதாது, சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் இருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். கடையில் திறந்து பார்க்க முடியாது. அந்த மாடலைக் கழற்றிக் காட்டும் விமர்சனங்கள் இணையத்தில் கிடைக்கும், தகட்டின் உள்பக்கப் படத்தில் நான்கு பேட் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும். அதே விலையில் இரண்டு 16 ஜிபி மாடல் இருந்தால் இதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

இப்போது கூலரின் அளவு. அந்த மூன்று ஃபேன் கூலர் மோசமான பொருள் அல்ல. ஆனால் அவ்வளவு பெரிய கூலர் 250, 300 வாட் கார்டுக்கு ஏற்றது. 180 வாட்டுக்கு மாட்டும்போது சில டிகிரி குறையும், சத்தம் நன்றாகவே குறையும், ஃபிரேம் ஓரிரு சதவீதம் கூடலாம். அவ்வளவே. ஒழுங்காகச் செய்த இரண்டு ஃபேன் கூலர் 180 வாட்டைத் தாங்கும். ஒழுங்காக என்றால்: சிப்பின் மேல் உட்காரும் செம்புத் தகடு முன்பக்க மெமரியையும் தொடவேண்டும், மின்சாரம் சீராக்கும் பகுதிக்கும் பேட் வேண்டும், குறைந்தது மூன்று ஹீட் பைப்பாவது இருக்க வேண்டும். ஃபேனில் பால் பேரிங் இருந்தால் நல்லது. எண்ணெய்ப் பசையில் ஓடும் சாதாரண பேரிங் சூட்டில் சீக்கிரம் வறண்டு கரகரக்க ஆரம்பிக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு கணக்கு போட வேண்டும். விமர்சகர்கள் பெரும்பாலும் 20-லிருந்து 25 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். கார்டின் சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் எவ்வளவு என்பதுதான். 22 டிகிரி அறையில் 65 காட்டிய கார்டு, அதே ஃபேன் வேகத்தில் 36 டிகிரி அறையில் ஏறக்குறைய 79 காட்டும். கத்திரி வெயிலில் கான்கிரீட் கூரை பகல் முழுக்க உறிஞ்சிய சூட்டை ராத்திரிதான் கீழே இறக்கும், நீங்கள் கேம் ஆடுவதும் அந்த நேரம்தான். எனவே எந்த விமர்சனத்தைப் படித்தாலும் அவர்கள் அறை எத்தனை டிகிரி என்று தேடி, உங்கள் அறையின் வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிக் கூட்டியும் சிப் 85-க்குள்ளும் மெமரி 95-க்குள்ளும் இருந்தால் கவலைப்படாமல் வாங்கலாம். இதற்கு மேலே போனாலும் கார்டு உடனே எரிந்துவிடாது. தானாக வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் தினமும் அப்படி ஓடினால் பேட், பேஸ்ட், ஃபேன் எல்லாம் சீக்கிரம் தேயும்.

பெரிய கூலர் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும் ஒரு சூழ்நிலையும் உண்டு. சின்ன கேபினட்டில் மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கார்டை மாட்டினால், அதன் ஃபேனுக்கும் கீழே எஸ்எம்பிஎஸ்ஸை மூடியிருக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருக்காது. காற்றே கிடைக்காத ஃபேன் எத்தனை இருந்து என்ன? இரண்டு ஸ்லாட் கார்டு அங்கே தாராளமாக மூச்சு விடும். வாங்குவதற்கு முன் கேபினட்டின் நீளத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். முன்னால் ஃபேன் இருந்தால் அதன் தடிமனைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

உங்கள் கேபினட் எது என்று நீங்கள் சொல்லவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி அல்லது மூடிய பிளாஸ்டிக் என்றால் பணத்தை அங்கே செலவிடுங்கள். வலைபோட்ட முகப்பு, முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. இது போதும். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி: கேம் அரைமணி ஓடிய பிறகு கார்டின் சூட்டைக் குறித்துக்கொண்டு, பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி அரைமணி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றம் கார்டின் மேல் இல்லை, கேபினட்டின் மேல். கதவைத் திறந்தே விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தூசி அடைத்துக்கொள்ளும். முகப்பு வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். அறையில் கொசுவர்த்தி ஏற்றும் பழக்கம் இருந்தால் இன்னும் அடிக்கடி, அந்தப் புகைப் பிசுக்கில்தான் தூசி கெட்டியாக ஒட்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

அடுத்தது செலவே இல்லாத வழி, உங்கள் அறைக்கு மிகவும் பயன்படப் போவதும் இதுதான். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள், எந்தக் கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும். அதில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 180 வாட் 144 ஆகும். ஃபிரேமில் சில சதவீதம்தான் போகும், ஆடும்போது தெரியாது. கம்பெனிகள் கடைசி ஓரிரு சதவீத வேகத்துக்காக நிறைய மின்சாரத்தைக் கொட்டுகின்றன, நாம் கழிப்பது அந்தப் பகுதியை. கூடவே ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். மானிட்டர் 100 ஹெர்ட்ஸ் என்றால் கார்டு 160 ஃபிரேம் தயாரித்து எந்தப் பயனும் இல்லை. கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேரும். எவ்வளவு பெரிய கூலர் போட்டாலும் 180 வாட் 180 வாட்தான், அது சூட்டைச் சிப்பிலிருந்து எடுத்து அறையில் விடும், அழிக்காது. ஏசி இல்லாத அறையில் இதை மறக்கக் கூடாது. மின்சாரத்தைக் குறைத்தால் மட்டுமே கார்டும் குளிரும், நீங்களும் வியர்க்காமல் இருப்பீர்கள்.

எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. 5060 டிஐக்கு என்விடியா 600 வாட் பரிந்துரைக்கிறது. உங்கள் புராசஸர் 65 வாட் வகை, ஆகவே நல்ல கம்பெனியின் 550 வாட் தாங்கும். பெரும்பாலான மாடல்களுக்கு ஒரே ஒரு 8 பின் இணைப்பு போதும். ஆனால் அந்த 550 வாட் கேபினட்டோடு இலவசமாக வந்தது என்றால் கார்டுக்கு முன்னால் அதை மாற்றுங்கள்.

கடையில் இல்லாத மூன்றாவது வழியையும் கேட்டுப் பாருங்கள்: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 2025 ஜூனில் வந்தது, 160 வாட், முழு 16 லேனையும் பயன்படுத்தும். உங்கள் பழைய போர்டில் இது நல்ல அனுகூலம். கேம் மட்டும் என்றிருந்தால், விலை குறைவாகக் கிடைத்தால், இதையே வாங்கச் சொல்லியிருப்பேன். பிளெண்டர் ரெண்டரில் என்விடியா இன்னும் முன்னால் இருப்பதால்தான் 5060 டிஐ பக்கம் நிற்கிறேன். ஆர்க் பி580 12 ஜிபி மலிவு, ஆனால் உங்களுக்கு வேண்டாம். ரைசன் 5 3600 மாதிரி பழைய புராசஸரோடு சேரும்போது அதன் வேகம் குறைகிறது என்பது வெளியான சில வாரங்களிலேயே சோதனைகளில் தெரிந்துவிட்டது. பழைய 3070 ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது என்றீர்களே, அதுவும் 8 ஜிபி, 220 வாட், போதாததற்கு வாரண்டியும் இல்லை. விட்டுவிடுங்கள். சில கேம்களில் உங்கள் புராசஸரே தடையாக நிற்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், பயாஸ் அப்டேட் செய்தால் பி450 போர்டில் ரைசன் 5 5600 உட்காரும்.

வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டிலும் 8-ம் உண்டு, 16-ம் உண்டு, பெட்டிகள் ஒரே மாதிரி இருக்கும். 3060-இல் 12 ஜிபி 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி 128 பிட், வேகமே வேறு. 3050-இன் 6 ஜிபி மாடலில் சிப்பின் உள்ளேயே கோர்கள் குறைவு. ஆகவே பில்லில் மாடல் பெயரோடு 16 ஜிபி என்றும், சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். வாரண்டி எத்தனை வருடம், பழுதானால் மதுரையிலேயே கொடுக்கலாமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். பின்னால் பேஸ்ட் மாற்றக் கார்டைத் திறந்தால் வாரண்டி போகுமா என்றும் கேட்டு வையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

வீட்டுக்கு வந்ததும் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெமரி 16384 எம்பி, அகலம் 128 பிட் என்று காட்டுகிறதா பாருங்கள். பிறகு முதல் வாரத்திலேயே, பவர் லிமிட்டைக் குறைக்காமல், ஒரு சூடான மாலையில் கனமான கேமை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஹெச்டபிள்யூ-இன்ஃபோ என்ற மென்பொருளில் சிப் சூடு, மெமரி சூடு, ஃபேன் வேகம் மூன்றையும் அறையின் சூட்டோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 50 வரிசைக் கார்டுகளில் சிப்பின் மிகச் சூடான புள்ளியின் எண் தெரியாது, அதைத் தேட வேண்டாம். மெமரி 95-ஐத் தாண்டினாலோ, ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் சிப் 85-க்குக் கீழே இறங்காவிட்டாலோ, கதவைத் திறந்து வைத்த சோதனையையும் செய்து, இரண்டையும் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவது முதல் சில நாட்கள்தான், அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் வழிதான். அதுவரை பெட்டியையும் உள்ளே இருக்கும் ஃபோமையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.